விழுதலும் கற்றலும்

கற்றவரைப் போற்றுவதும் கல்லாதவரை இரங்கிப் பேசுவதும் தமிழ் நூல்களுக்குப் பழகிய நெறி. திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை அடுத்துக் கல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதன்பின் கேள்விக்கு ஒன்று வைத்தார். கல்வியின் உயர்வும் கல்லாமையின் தாழ்வும் நமக்கு இளமையிலேயே மனப்பாடம். ஆயினும், இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நிலை உண்டு. கல்லாதவன் என்று தள்ளவும் முடியாமல், கற்றவன் என்று கொள்ளவும் முடியாமல், தட்டுத் தடுமாறி ஒருவன் நிற்கும் நிலை அது. கற்றவர் யாவரும் அந்நிலையைக் கடந்தே வந்திருக்கின்றனர். கடந்தபின் பெரும்பாலோர் அதனை மறந்தும் விடுகின்றனர்.

அந்நிலையில் நிற்பவனுக்கு உரிய அறம் யாது? அவன் பிழை செய்யலாமா? செய்தால் வெட்க வேண்டுமா? அவனைக் கண்டு நிற்போர் சிரிக்கலாமா? கற்பிப்பவர் அவனை விழவிடாமல் தாங்க வேண்டுமா, விழட்டும் என்று கைவிட வேண்டுமா? இவை சிறு வினாக்கள் போலத் தோன்றலாம். நாற்பதாண்டுக் காலம் கரும்பலகைக்கு முன் நின்ற எமக்கும் அவ்வாறே தோன்றின. அவற்றின் கனத்தை யாம் உணர்ந்தது அறுபது வயதுக்கு மேல், பனிமூடிய ஒரு மலைச்சரிவில் குப்புற விழுந்து கிடந்தபோதுதான்.

எம் ஊர் குடுபல்லி. சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில், குப்பத்துக்கு அடுத்து வரும் சிறு நிலையம். ஆந்திரம், தமிழகம், கருநாடகம் என்னும் மூன்று மாநிலங்கள் தோள் உரசி நிற்கும் எல்லை அது. அண்மையில் கோலார் தங்கவயல். 2001-ஆம் ஆண்டில் மூடப்படும் வரை எம் பக்கத்து உழைப்பாளிகள் பலருக்குச் சோறு போட்ட சுரங்கம். எம் மண்ணில் பாறை உண்டு, வெயில் உண்டு, ஏரி உண்டு; பனிக்கட்டி மட்டும் இல்லை. ‘பனி’ என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியும், கேழ்வரகுக் கொல்லையின்மேல் தவழும் வெண்புகையுமே எமக்குத் தெரியும்.

எனினும் சறுக்குதல் எமக்குப் புதிதன்று. இளமையில் ஏரிக்கரையின் உச்சியிலிருந்து காய்ந்த தென்னை மட்டையின்மேல் அமர்ந்து கீழே சறுக்காத பிள்ளை எம் ஊரில் இல்லை. கால்சட்டையின் பின்புறம் கிழியும். முழங்காலில் தோல் போகும். வீட்டில் அடியும் கிடைக்கும். மறுநாள் மீண்டும் அங்கேயே நிற்போம். அந்நாளில் விழுதல் விளையாட்டின் ஒரு பகுதியாகவே இருந்தது. அது ‘இழுக்கு’ ஆனது எப்போது? வேட்டி கட்டத் தொடங்கிய நாளிலா, ‘வாத்தியார்’ என்று ஊரார் எழுந்து நிற்கத் தொடங்கிய நாளிலா என்று எமக்கு இன்றும் தெளிவில்லை.

நிற்க. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதத்தில், பெங்களூரில் பணிபுரியும் எம் மகள் தன் குடும்பத்தோடு எம்மையும் காசுமீரத்துக்கு அழைத்துச் சென்றாள். சிறீநகரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் குல்மார்க் என்னும் மலைப்புல்வெளி உள்ளது. கடல்மட்டத்துக்கு மேல் 2,600 மீட்டருக்கும் மிகுந்த உயரம். பெயருக்கு ‘மலர் வெளி’ என்பது பொருள். குளிர்காலத்தில் மலரும் இல்லை, வெளியும் இல்லை, ஒரே வெண்மை. எட்டு வயதுப் பெயர்த்தி, பலகையின்மேல் நின்று சறுக்கக் கற்க விரும்பினாள். தனியே கற்க அஞ்சினாள். “தாத்தா, நீயும் வா, அப்போதுதான் நான் வருவேன்” என்றாள். பிள்ளையின் அச்சத்தைப் போக்குவதற்காகவே யாம் ஒப்புக்கொண்டோம் என்று அன்று சொன்னோம். ஏரிக்கரையின் நினைவும் அதற்கு ஒரு காரணம் என்பதை இன்று மறைக்க வேண்டியதில்லை.

இவ்விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள் சொல்வது இன்றியமையாதது. பனிச்சறுக்கு என்றவுடன் பலர் நினைப்பது, காலுக்கு ஒன்றாக இரு நீண்ட மட்டைகளைப் பூட்டிக் கையில் கோலூன்றிச் செல்லும் பழைய கலையையே. யாம் சொல்வது வேறு. இதில் ஒரே பலகை. அதன்மேல் இரு கால்களும் குறுக்காகப் பூட்டப்படும். கையில் கோல் கிடையாது. 1965-ஆம் ஆண்டு கிறித்துமசு நாளில், அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாநிலத்தில், ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் பெண்மக்கள் விளையாடுவதற்காக இரு சறுக்கு மட்டைகளை ஒன்றாகப் பிணைத்துக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததே இக்கலை. 1977-இல் ஜேக் பர்ட்டன் கார்ப்பெண்டர் வெர்மாண்ட் மாநிலத்தில் இப்பலகைகளைச் செய்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். பழைய கலையின் மலைத்தளங்கள் பல, 1980-களின் தொடக்கத்தில்கூட இப்பலகைக்காரர்களை உள்ளே விடவில்லை. இருந்தும், 1998-இல் சப்பான் நாட்டு நகானோவில் ஒலிம்பிக் பந்தயங்களில் இதற்கு இடம் கிடைத்தது. நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு முதன்முறையாக நிகழ்ந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில், குல்மார்க் சரிவுகளிலே இதுவும் ஒரு போட்டியாயிற்று.

இவ்வரலாற்றில் கருதத்தக்கது ஒன்று உண்டு. இது இளைய கலை. இதில் முதியோர் குரு, இளையோர் சீடர் என்னும் வழக்கமான வரிசை தலைகீழாகும். எமக்கு வாய்த்த ஆசிரியர்க்கு வயது இருபத்திரண்டு இருக்கலாம். பிரன் என்னும் நீண்ட அங்கி. அதற்குள் காங்கிரி என்னும் தணற்சட்டி. முகத்தில் வெயிலும் பனியும் சேர்ந்து சுட்ட கருமை. குப்பத்துக் கடைத்தெருவில் கற்ற எம் உருதுவைக் கேட்டு அவர் நகைத்தாரல்லர்; யாம் ஆசிரியர் என்றறிந்ததும் ‘மாஸ்டர்ஜி’ என்றே அழைத்தார். எமக்கோ, பேரன் வயதினர் ஒருவர்முன் மாணாக்கராய் நிற்பது முதற் குளிரைவிட மிகுதியாக உறைத்தது.

முதற்பாடம் நிற்பதன்று. எந்தக் கால் முன்னே என்பதே முதற்பாடம். யாம் எதிர்பாராத நேரத்தில் அவர் எம் முதுகை மெல்லத் தள்ளினார். தடுமாறிய உடம்பைக் காக்க வலக்கால் தானாகவே முன்னே சென்றது. “மாஸ்டர்ஜி, உங்களுக்கு வலக்கால்தான் முன்னே” என்றார். பெயர்த்திக்கு இடக்கால். சிந்தித்து விடை சொல்லியிருந்தால், நல்ல காரியத்துக்கு எந்தக் கால் ஏற்றது என்று மரபை ஆராய்ந்து ஏதேனும் சொல்லியிருப்போம். அவர் எம்மை வினவவில்லை. எம் உடம்பை வினவினார். மாணாக்கனின் இயல்பை அறிந்து அதன்வழிக் கற்பிக்க வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் ஏட்டில் எழுதித் தேறியவர்கள் நாம். அதனை ஒரு நொடியில் செய்து காட்டியவரை அன்றுதான் கண்டோம்.

இரண்டாம் பாடம் விழுதல். சமவெளியில் நிறுத்தி, விழக் கற்பித்தார். பின்னே விழுந்தால் பிட்டத்தின்மேல் அமர்ந்து முதுகாக உருள வேண்டும். மோவாயை மார்போடு சேர்த்தால் தலை பின்னே அடிபடாது. முன்னே விழுந்தால் விரல்களை மூடி முன்கைகளால் ஏற்க வேண்டும். விரித்த உள்ளங்கையை ஊன்றித் தடுக்கலாகாது. இக்கலையில் தொடக்கநிலையினர்க்கு மிகுதியாக நேரும் காயம் மணிக்கட்டு முறிவு என்றார். விழுவதைத் தடுக்க நீட்டிய கையே முறிகிறது. அதற்கெனக் காப்புகளும் தலைக்கவசமும் பூட்டினார். மூன்றாம் பாடம் எழுதல். யாம் விழுந்தபோது அவர் கைகொடுத்துத் தூக்கவில்லை. உடம்பைப் புரட்டி, மலையுச்சியை நோக்கி முழந்தாளிட்டு, பலகையின் விரற்பக்க விளிம்பைப் பனியில் பதித்து எழச் சொன்னார். முதலில் எமக்குச் சினமே வந்தது. வயதில் மூத்தவனை ஒரு கை தூக்கிவிடலாகாதா? நாலைந்து முறைக்குப் பின் யாமே எழுந்தபோதுதான், தூக்கிவிட்டிருந்தால் அந்நாள் முழுவதும் அவர் கையை எதிர்பார்த்தே கிடந்திருப்போம் என்பது புலப்பட்டது.

அன்று பிற்பகலில் நேர்ந்ததே இக்கட்டுரைக்குக் கரு. சிறுசரிவில் குதிகால் விளிம்பின்மேல் நின்று, பக்கவாட்டில் மெல்ல இறங்கப் பழகினோம். பள்ளத்தை நோக்கிய விளிம்பு பனியில் சற்றே பட்டுவிட்டால் போதும், அது கவ்விக்கொள்ளும், ஆள் அறைந்தாற்போல் வீழ்வான். அவ்வாறே வீழ்ந்தோம். மூக்குக் கண்ணாடி ஒருபுறம், மகள் சுற்றிவிட்ட கம்பளித் துண்டு ஒருபுறம். மேட்டில் நின்று வேடிக்கை பார்த்த சுற்றுலாக் கூட்டம் ஒன்று வாய்விட்டுச் சிரித்தது. தீய எண்ணம் ஏதும் இல்லாத சிரிப்பு. சிரிப்பை வரவழைக்கும் காட்சிதான் அது. எனினும் அச்சிரிப்பு பட்ட இடத்தில் எம் உடம்பு உறைந்தது. வலி இல்லை, எழ மட்டும் மனம் வரவில்லை. பூட்டுகளை அவிழ்த்து அறைக்குத் திரும்பிவிட முடிவு செய்தோம். அப்போது அவ்விளைஞர் ஒன்றும் சொல்லவில்லை. சறுக்கி வந்து, எமக்கும் அக்கூட்டத்துக்கும் இடையில், அவர்கள் பார்வை எம்மேல் படாதவாறு நின்றுகொண்டார். “முழங்கால் விறைத்திருந்தது, மாஸ்டர்ஜி. வளைத்து மீண்டும் நில்லுங்கள்” என்றார். “எழுந்திரு தாத்தா, நான் ஆறு தடவை விழுந்தேன், நீ நாலுதான்” என்றாள் பெயர்த்தி.

எழுந்தோம். ஆனால் எம் நெஞ்சில் அப்போது எழுந்து நின்றவன் வேறொருவன்.

பல ஆண்டுகளுக்கு முன், எம் வகுப்பில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளரும் எல்லைப்புறப் பிள்ளை. எம் பகுதிப் பேச்சில் ழகரம் யகரமாவது இயல்பு. ஒருநாள் பாடநூலை வாய்விட்டுப் படிக்கச் சொன்னோம். ‘மழை’ என்னும் சொல்லை அவன் ‘மயை’ என்று படித்தான். வகுப்பு சிரித்தது. திருத்திக் கொண்டு மீண்டும் முயன்றான், நாவு மேலும் தடுமாறியது, சிரிப்பு மிகுந்தது. அவனைக் காக்க வேண்டிய யாமும் சிரித்துவிட்டோம். பிரம்பெடுத்து அடிக்கும் ஆசிரியர் மலிந்திருந்த காலம் அது. யாம் யாரையும் அடித்ததில்லை. அதில் எமக்குப் பெருமையும் உண்டு. சிரிப்பும் ஓர் அடி என்று அன்று தோன்றவில்லை. அவன் உட்கார்ந்தான். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அவன் வாய்விட்டுப் படிக்கவில்லை, யாமும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. வறுமை காரணமாய் இருந்திருக்கலாம். எம் சிரிப்பே காரணம் என்று சொல்ல எமக்குச் சான்றில்லை. அதற்கு இதில் பங்கில்லை என்று சொல்லவும் சான்றில்லை.

இங்கே அச்சத்தைப் பற்றிச் சிறிது ஆராய்தல் வேண்டும். சரிவில் நிற்பவனுக்கு இரண்டு அச்சங்கள் உண்டு. ஒன்று உடம்பைப் பற்றியது. அது நன்று, அதுவே தலைக்கவசம் பூட்டச் செய்கிறது, தகுதிக்கு மீறிய சரிவில் ஏறாமல் தடுக்கிறது. மற்றது பிறர் கண்ணைப் பற்றியது. அது உடம்பைக் காப்பதில்லை, மாறாகக் கெடுக்கிறது. இக்கலையில் இதற்கு வெளிப்படையான சான்று ஒன்று உள்ளது. பள்ளத்தைக் கண்டு அஞ்சுபவன் இயல்பாகவே பின்னே சாய்கிறான். தன் பாரத்தைப் பின்காலில் ஏற்றுகிறான். பின்னே சாய்ந்தால் பலகையின் முன்பகுதி பனியை விட்டுத் தளர்கிறது; பலகை சொன்னபடி திரும்புவதில்லை; விரைவு கூடுகிறது; வீழ்ச்சி உறுதியாகிறது. பாரத்தை முன்காலில் வைத்து, முழங்காலை வளைத்து, செல்ல வேண்டிய இடத்தை நோக்குபவனே திருப்பவும் நிறுத்தவும் வல்லவன் ஆகிறான். விழாதிருக்க வேண்டும் என்னும் பதற்றமே வீழ்த்துகிறது. பின்னே சாய்ந்து படிக்கும் பிள்ளைகளை நாம் வகுப்பறைகளில் நாள்தோறும் காண்கிறோம். தெரிந்த விடையையும் தாழ்ந்த குரலில், வினாக்குறியோடு சொல்லும் பிள்ளைகள் அவர்கள். அவர்கள் அறிவு குறைந்தவர்கள் அல்லர். ஒருமுறை சிரிப்பைக் கேட்டவர்கள்.

மூன்றாம் நாள் திரும்பக் கற்றோம். பலகை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறினால்தான் திசை மாறும். அம்மாற்றத்தின் நடுவே ஒரு கணம் உண்டு. பழைய விளிம்பு பிடி விட்டிருக்கும். புதிய விளிம்பு இன்னும் பிடித்திராது. பலகை நேரே பள்ளத்தை நோக்கியிருக்கும். எந்தப் பிடியும் இல்லாத அக்கணத்தைக் கடக்காமல் யாரும் திரும்பியதில்லை. அவ்விளைஞர் எம் எதிரே நின்று, இரு கைகளையும் பற்றி, தாம் பின்னோக்கிச் சறுக்கியவாறே எம்மைத் திருப்பினார். பலமுறை இவ்வாறு செய்தபின், சொல்லாமல் கைகளை விட்டார். யாம் கூவினோம். பலகை திரும்பியது, சிறிது தூரம் சென்று தானே நின்றது.

விட்டது அன்பா, கொடுமையா? இதுவே யாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாக்களுள் கடியது. விழவிடாமல் தாங்குவதே அன்பு என்பார் ஒரு சாரார். விழுந்தால்தான் கற்பான் என்பார் மறு சாரார். இவ்விரு சாராரும் பிள்ளை வளர்ப்பில் நாள்தோறும் வழக்காடுகின்றனர். யாம் அன்று கண்ட விடை இவ்விரண்டும் அன்று. கைவிட்ட இடத்தைத் திரும்பிப் பார்த்தோம். சரிவு அங்கே முடிந்து, நிலம் சமமாகி, அப்பால் சிறிது மேடாக உயர்ந்திருந்தது. திரும்பாமற் போயிருந்தாலும் பலகை அங்கே தானாக நின்றிருக்கும். விழுந்திருந்தாலும் மெத்தையில் விழுந்ததாகவே இருந்திருக்கும். முந்திய இரு நாட்களிலும் அவர் எம்மை நிறுத்திய இடங்களை நினைத்துப் பார்த்தோம்; ஒவ்வொன்றும் அத்தகைய இடமே. கைவிடுவதற்கு முன் அவர் இடம் பார்த்திருக்கிறார். ஆகவே வினாவை மாற்றிக் கேட்க வேண்டும். விழவிடலாமா என்பதன்று வினா. எங்கே விழவிடுகிறோம் என்பதே வினா. விழுபவன் எழுவதற்கு உரிய சமதளத்தை அமைத்துவிட்டுக் கைவிடுபவர் ஆசிரியர். அதனை அமைக்காமல் கைவிடுபவர் வெறுமனே கைவிட்டவரே ஆவார். யாம் அச்சிறுவனை எழுந்து படிக்கச் சொன்னபோது, அவனுக்குக் கீழே சமதளம் இல்லை. நாற்பது வாய்கள் சிரிக்கக் காத்திருந்த செங்குத்துச் சரிவில் அவனை நிறுத்தினோம்.

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமையாக்கினார். அந்நூலைச் செய்வித்த சீயகங்கன் கங்கர் மரபினன். அம்மரபின் தொல்பதி எம் ஊருக்கு அண்மையிலுள்ள கோலார். ஆதலின் அந்நூலின்மேல் எமக்கு அண்டை வீட்டு உரிமை உண்டு. நிலத்துக்குச் சொன்ன பண்புகளுள் ஒன்று பொறை. அதனைப் ‘பொறுமை’ என்றே பல்லாண்டு உரைத்து வந்தோம். பனியில் விழுந்தபின் அச்சொல்லின் மற்றொரு பொருளும் துலங்கியது. நிலம் விழுந்தவனைப் பொறுக்கிறது, அதாவது, சுமக்கிறது. அவன் கையூன்றி எழுவதற்கும் அதே நிலம்தான் உதவுகிறது.

இதற்குத் தடை எழுப்புவாரும் உளர். பிழையைப் பொறுத்துக்கொண்டே போனால் தரம் என்னாவது? ழகரம் யகரமானால் தமிழ் என்னாவது? நியாயமான தடையே. அவ்விளைஞர் எம் வீழ்ச்சியை வெற்றி என்று ஒருபோதும் சொல்லவில்லை. “நன்றாகச் செய்தீர்கள்” என்று பொய்யாகத் தட்டிக்கொடுக்கவும் இல்லை. முழங்கால் விறைத்தது, பார்வை காலடியில் இருந்தது, பாரம் பின்னே போயிற்று என்று ஒவ்வொரு முறையும் பிழையைப் பெயர் சொல்லிச் சுட்டினார். கலையில் அவர் எள்ளளவும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆளை மட்டும் எள்ளவில்லை. பிழையைச் சுட்டுவது வேறு. பிழைத்தவனைச் சுடுவது வேறு. ‘மழை’யைத் திருத்தியிருக்க வேண்டியது எம் கடமை. நாவை எங்கே மடக்க வேண்டும் என்று தனியே அமர்த்திக் காட்டியிருந்தால் ஒரு நாழிகைப் பொழுதில் முடிந்திருக்கும்.

விழுந்து கற்க இயலாத தொழில்களும் உண்டே என்பது அடுத்த தடை. பேருந்து ஓட்டுபவர் சாலையிலும், அறுவை மருத்துவர் மேசையிலும் விழுந்து கற்க முடியுமா? முடியாது. ஆகவேதான் ஓட்டக் கற்பவர்க்கு முதலில் வெற்று மைதானம் தருகிறோம். தச்சுப் பிள்ளைக்குக் கழிவுப் பலகை தருகிறோம். எத்தொழிலுக்கும் அதற்குரிய சமதளத்தைத் தேடி அமைக்கிறார்கள். மொழிக்கு மட்டும் நாம் அதனை அமைப்பதில்லை. பிள்ளை முதலில் வாய் திறப்பதே மேடையில். முதற்பிழை நிகழ்வதே மக்கள்முன்.

பனியும் பலகையும் பணமுள்ளோர்க்கன்றோ, குடுபல்லிப் பிள்ளைக்கு இதனால் என்ன என்பது மூன்றாம் தடை. இதற்கு விடை சொல்லக் காசுமீரம் வரை போக வேண்டியதில்லை. சென்னைக்குத் தெற்கே கோவளம் என்னும் மீனவர் ஊரில், மூர்த்தி மேகவன் என்னும் மீனவர் அலைமேல் பலகையில் நிற்கத் தாமே கற்றார். பின்னர்த் தம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பள்ளி அங்கே உருவாகக் காரணமானார். 2025-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டிகள் மாமல்லபுரத்தில் நிகழ்ந்தன. அவற்றில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்று, அப்போட்டியில் தனிப்பதக்கம் பெற்ற முதல் இந்தியர் ஆனார். நீர் விழுந்தவனைச் சாதி கேட்பதில்லை, பனியும் கேட்பதில்லை. கேட்பவர்கள் கரையில் நிற்பவர்களே. பிள்ளைகளுக்கு இல்லாதது துணிவன்று. விழுந்தால் எழலாம் என்னும் உறுதியே.

சங்கம் என்னும் பெயரைத் தாங்கும் நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மதுரைச் சங்கப் பலகையின் கதையை அறியாத தமிழர் இலர். தகுதியுடைய புலவர்க்கே அது இடம் தரும். தகாதவர்க்கு இடம் தராது. அக்கதை தமிழின் தரத்தைக் காத்த கதை. அதனை யாம் குறைத்துச் சொல்லோம். ஆனால் அப்பலகையில் ஏறிய புலவர் ஒவ்வொருவரும் அதற்கு முன் வேறொரு பலகையில் ஏறியவர். அது எழுதி அழித்து, அழித்து எழுதிய பலகை. பிழை பொறுத்த அப்பலகை இல்லையேல் பிழை பொறாத அப்பலகைக்கு ஆளே கிடைத்திரார். முதற்பலகையை நாம் கொண்டாடுகிறோம்; ஆண்டுதோறும் மலர் வெளியிடுகிறோம். இரண்டாம் பலகையை யார் ஏந்துவது?

எல்லைப்புறத்தில் இவ்வினா இன்னும் கூர்மையானது. தமிழ்வழிப் படிக்கும் பிள்ளைகள் நம் பக்கத்தில் சிலரே. வேறு வழிகளில் படித்து, வீட்டுத் தமிழை மட்டும் அறிந்த பிள்ளைகள் பலர். அவர்கள் நம் விழாவுக்கு வந்து ஒரு பத்தியைத் தடுமாறிப் படிக்கும்போது, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நாம் புன்னகைக்கிறோம். அப்புன்னகையில் அன்பும் உண்டு என்பது உண்மை. சரிவில் கிடப்பவனுக்கு அன்புச் சிரிப்புக்கும் பிற சிரிப்புக்கும் வேறுபாடு தெரிவதில்லை. மறு ஆண்டு அப்பிள்ளை வருவதில்லை. தமிழார்வம் குன்றிற்று என்று நாம் தீர்மானம் நிறைவேற்றுகிறோம்.

ஆதலின் யாம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். அடுத்த ஆண்டு விழாவில் கற்போர்க்கென ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குவோம். அதில் பரிசு வேண்டா, நடுவர் வேண்டா. பிழை நேரின் மேடையில் திருத்தாமல், முடிந்தபின் அருகமர்த்தித் திருத்துவோம். பிள்ளைகள் மட்டும் அங்கே தடுமாறினால் போதாது. பெரியவர்களும் தடுமாற வேண்டும். முதலில் யாமே வருகிறோம். ஆந்திர மண்ணில் பிறந்து வளர்ந்தும் எமக்குத் தெலுங்கு பேசத்தான் வரும். பேருந்துப் பலகையும் கடைப்பலகையும் படிப்போம். ஒரு பக்க உரைநடையைத் தடையின்றிப் படிக்க இன்றும் வராது. இத்தனை ஆண்டுகளாக இதனை யாரிடமும் சொன்னதில்லை. தமிழாசிரியர்க்கு அது தேவையில்லை என்று எமக்கு யாமே சொல்லிக்கொண்டோம். உண்மையில் யாம் பின்னே சாய்ந்தே நின்றோம். பெயர்த்தி ஆறு தடவை விழுந்தாள்; யாம் தெலுங்கில் ஒரு தடவையேனும் விழத் துணியவில்லை.

இப்போது பக்கத்து வீட்டு ஐந்தாம் வகுப்புச் சிறுமி எமக்கு ஆசிரியை. மாலைதோறும் அரைமணி நேரம். ஒத்தெழுத்து வருமிடத்தில் யாம் தடுக்கி விழும்போது, அவள் உதட்டை இறுக மூடிக்கொள்கிறாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிகிறது. அடக்குகிறாளே, அதுவே எம் வகுப்பில் யாம் செய்யத் தவறியது. விழா மேடையில் பிள்ளைகளுக்கு முன் ஒரு பக்கம் தெலுங்கு படிப்போம். பிழை வரும். அவர்கள் அதன்பின் தமிழ் படிக்கட்டும். ‘மழை’ எவ்வாறு வந்தாலும் முன்வரிசை அமைதியாய் இருக்கட்டும்.